அக்கா போட்ட கமா

மத்தியான வெயில் சன்னல் தட்டிகளின் வழியே கீற்றுக் கீற்றாகப் பக்கத்து நாற்காலியில் விழுந்திருக்கிறது. என்னோடு வேலை பார்த்த அக்கா இறந்த பிறகு அதில் யாரும் உட்காருவதில்லை. அவருடைய சாம்பல் நிறச் சால்வை மட்டும் இன்னும் அதன் முதுகில் தொங்குகிறது. எங்கள் மென்பொருளின் உதவிப் பக்கங்களில் கமா ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நேற்றுக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ‘மற்றும்’ என்ற சொல்லுக்கு முன்னால் அக்கா கமா போடாமல் விடமாட்டார். நான் போடவே மாட்டேன். உயிரோடு இருப்பவன் கட்சிதான் ஜெயித்திருக்கிறது. அவர் எழுதிய பக்கங்களில் ஒவ்வொரு கமாவாக அழித்துக்கொண்டிருக்கிறேன். “ஒரே தட்டுல எல்லாத்தையும் தூக்கிடலாமே, எதுக்குண்ணே இதோட மாரடிக்கிறீங்க?” என்கிறாள் எதிர்மேசைப் பெண். “இருக்கட்டும்மா, பாத்துப் பாத்தே எடுக்கறேன்.” அக்கா எழுதியதையெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பார், கமா வந்ததும் சின்னதாக மூச்சு வாங்குவார். “படிக்கறவன் மூச்சு விட வேணாமாடா?” என்பார். ஏசியின் இரைச்சலுக்கு நடுவே, நான் அழிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த மூச்சு லேசாகக் கேட்டு, அறுபடுகிறது. அவர் பக்கங்கள் முடிந்துவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்க, இன்று காலை நானே எழுதிய பக்கத்தைத் திறக்கிறேன். ‘கோப்பைத் திறக்கலாம், சேமிக்கலாம், மற்றும் அச்சிடலாம்.’ கடைசிக் கமாவை ஒட்டிக் கர்சர் துடிக்கிறது. என் விரல் அழிக்கும் விசைமேல் அப்படியே நிற்கிறது. எதிர்மேசைப் பெண் நிமிர்கிறாள். “இப்ப முணுமுணுன்னு படிச்சது நீங்களாண்ணே?” அவள் கேட்கும்வரை நான் வாயே திறக்கவில்லை.