மாமியாருக்கு மாலை

"மாமியார் தவறிட்டாங்க சார். மூணு நாள் லீவு வேணும்." போனில் சுரேந்தரின் குரல் நிஜமாகவே உடைந்தது. மனைவி காவேரி காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

மதியம் சூப்பர்வைசர் திம்மராஜ், ஓசூர் ரோஜாவில் கட்டிய பெரிய மாலையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு அம்மாள் கதவைத் திறந்தாள்.

"சுரேந்தரோட சூப்பர்வைசர்ங்க. அவரு மாமியார்..."

"நான்தாங்க. உள்ள வாங்க."

மாலை அவர் கையிலேயே தொங்கியது. பின்னால் ஓடிவந்த சுரேந்தர் தலைகுனிந்தான்.

"மன்னிச்சிருங்க சார். செத்தது எங்க பிளாக்கி. நாய்க்குன்னு கேட்டா கம்பெனியில லீவு தரமாட்டாங்களே."

திம்மராஜ் திட்டவில்லை. மூலையில் கிடந்த சங்கிலியின் மேல் மாலையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை வருஷம் இருந்துச்சுப்பா?"

"பதினொண்ணு சார்."

"எங்க அண்ணன் ஒம்பது வருஷந்தான் இருந்தான்."

சுரேந்தர் நிமிர்ந்தான். "போன ஆடியில மெஷினையெல்லாம் நிறுத்திட்டு ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தினோமே, அந்த அண்ணனா சார்?"

"அவனேதான்," என்றார் திம்மராஜ். "பால்காரரைக் கண்டா போதும், ஓயாம குரைப்பான்."