ஆறாவது வளையம்

“அஞ்சு வந்துடுச்சி… ஆறாவது எங்க?”

சம்பங்கி பித்தளைத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தட்டு நிறையத் தண்ணீர். அதில் ஒரே ஒரு முருங்கை இலை மிதந்தது.

கோலாரில் வெள்ளைக்காரன் தங்கம் தோண்ட வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அந்தச் சுரங்கத்தில் வேட்டு வைப்பவன் அவள் புருஷன் ராஜப்பா. தினமும் மதியம் பாறையில் ஆறு குழி, ஆறு வேட்டு. சத்தம் மேலே கேட்காது. ஆனால் அவர்களுடைய மூங்கில் தட்டி வீட்டின் மண்தரை அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் தட்டின் விளிம்பிலிருந்து ஒரு வளையம் கிளம்பி நடுவில் போய்க் கூடும். இலை மட்டும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும்.

“பாத்தியா? அந்த எல மாதிரிதான். வேட்டு வெடிச்சாலும் பாறை சரிஞ்சாலும் அதிர்வு மட்டுந்தான் ஊட்டுக்கு வரும். நான் ஷிப்ட் முடிஞ்சிதான் வருவேன்” என்று ராஜப்பா கேலி செய்வான்.

அவளுக்குச் சிரிப்பு வராது. போன வருடம் அவள் அண்ணன் பெருமாள் எண்ணிக்கையைத் தவறவிட்டான். எல்லாம் வெடித்துவிட்டதென்று நம்பிக் கிட்டே போனான். மிச்சமிருந்த ஒன்று முகத்தில் வெடித்தது. அன்றிலிருந்து ஆறு எண்ணாமல் அவள் அடுப்புப் பற்றவைப்பதில்லை.

இன்றைக்கு ஐந்தும் மளமளவென்று வந்துவிட்டன. ஆறாவதைத்தான் காணோம்.

“கிட்ட போயிடாதய்யா… மாரியாத்தா, போக உட்டுடாதம்மா…”

திடீரென்று தரை குலுங்கியது. தண்ணீர் தட்டை விட்டு வழிந்து புடவையை நனைத்தது. உறியில் பானை ஆடியது.

“ஆறு!”

கடைசிக் குழியில் மருந்தை அள்ளிக் கொட்டிவிட்டான் போலிருக்கிறது, கிறுக்கு மனுஷன்! சம்பங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினாள். கேழ்வரகுக் களி கிளறி, அவனுக்கென்று பெரிய உருண்டையாக ஒன்று பிடித்து வைத்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. ராஜப்பாவோடு குழி அடிக்கும் தங்கவேலு, தலை முதல் கால் வரை கல்தூசியோடு நின்றான். கையில் ராஜப்பாவின் முண்டாசுத் துணி.

“இன்னா தங்கவேலு, உங்க அண்ணன் பின்னாடி வராரா? கொஞ்ச நேரத்துல என் உசுரே போயிடுச்சிப்பா. ஆறாவது லேட்டா வந்தாலும் வந்துடுச்சி, நான் எண்ணிட்டேன்.”

தங்கவேலு கதவுத் தட்டியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அண்ணனும் எண்ணிட்டுத்தான் உள்ள போனாரு அண்ணி… உளி ஒடஞ்சி போச்சின்னு இன்னிக்கி நாங்க அடிச்சது அஞ்சு குழிதான்.”