மூன்று வருடத் திட்டம்

அவன் மூன்று தாள்களையும் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக் காட்டினான்.

சிறைக்கு வாரம் ஒருமுறை வந்துபோகிற பாஸ்டர் கொடுத்தவை. வேதாகமத்தைத் தினமும் படிக்க மூன்று திட்டங்கள். அடித்துப் பிடித்துத் தொண்ணூறு நாளில் முடிப்பது ஒன்று. ஒரு வருடத்துக்கானது ஒன்று. நாளுக்கு ஒரே அதிகாரம் என்று மூன்றேகால் வருடம் நிதானமாகப் போவது ஒன்று.

அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, ரிசீவரைக் காதில் வைத்தபடி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சேலை எடுக்க வந்தவள் மாதிரி அவசரப்படாமல் பார்த்தாள்.

“நீ எதைச் சொல்றியோ அதுதான்,” என்றான் அவன். “ஒரே நாள்ல ஒரே அதிகாரம். நான் இங்க, நீ அங்க.”

படித்த நாளுக்கெல்லாம் டிக் போட்டு, மாதக் கடைசியில் அந்த மாதத்துத் தாளை அவள் தபாலில் அனுப்ப வேண்டும். அவனும் தன்னுடையதை அனுப்புவான். பாஸ்டரின் யோசனைதான்.

பாதிப் பேர் லேவியராகமத்துக்கு வந்ததும் படுத்துவிடுவார்களாம். பாஸ்டர் அப்படிச் சொன்னார் என்று சொல்லி அவன் சிரித்தான்.

உள்ளே போன இரண்டு வருடத்தில் அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. முன்பல் ஒன்று போயிருந்தது. எப்படிப் போனதென்று அவள் கேட்கவில்லை.

மூன்றாவது தாளை விரலால் காட்டினாள்.

அவன் கணக்குப் போட்டான். வெளியே வர இன்னும் மூன்றரை வருடம். வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தை முடித்த மூன்றாம் மாதம் கதவு திறக்கும். போட்டு முடித்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டத்தட்ட வாசல் வரைக்கும் கூட வருகிறேன் என்றல்லவா அவள் சொல்லியிருக்கிறாள்.

கம்பெனி மாறப் போவதாக அவள் சொன்னாள். அதே காலர் தைக்கிற வேலைதான், ஆனால் தூரம். முன்போல வந்து பார்க்க முடியாது.

“பரவாயில்ல. தாள் வந்தாப் போதும்,” என்றான்.

மணி அடித்தது. அவன் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தான். அவள் ரிசீவரை மாட்டிவிட்டு எழுந்தாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, அதன்மேல் நாற்பது தாள்களை அடுக்கினாள். பாஸ்டர் அவளுக்கென்று சிறை வாசலில் கொடுத்தனுப்பிய கட்டு. மாதத்துக்கு ஒன்று. வருகிற ஜூலையில் ஆரம்பம். கடைசித் தாளில் இரண்டே கட்டங்கள்.

மூன்று பேனா எடுத்துக்கொண்டாள். ஜூலைக்கு நீலம். ஆகஸ்ட் பாதியில் கறுப்புக்கு மாறினாள்.

இன்னும் வராத நாட்களுக்கெல்லாம் வரிசையாக டிக் விழுந்தது.

தினம் ஒன்றாகப் போடுகிற டிக் எல்லாம் ஒரே சாய்வில் இருக்காது. தையல்காரிக்கு அது தெரியாதா என்ன. ஒன்றை அவசரமாக இழுத்தாள். இன்னொன்றைத் தூக்கக் கலக்கத்தில் போட்ட மாதிரி கட்டத்துக்கு வெளியே விட்டாள். அக்டோபரில் லேவியராகமம் வருகிறது. ஆறேழு கட்டங்களை அங்கங்கே காலியாக விட்டாள். நவம்பரில் காய்ச்சல் என்று நான்கு நாள்.

அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நாளை மறுநாள் ரயில் என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். போகிற இடத்து விலாசத்தை யாருக்கும் தரக்கூடாது என்று தங்கை சத்தியம் வாங்கியிருந்தாள். மாதா மாதம் ஒரு தாளை எடுத்துத் தபாலில் போடுவது அக்கா பொறுப்பு.

“வேதத்துலயே பொய்யெழுதறியேடி,” என்றாள் அக்கா. “ஒரு வரியாவது படிச்சுட்டுப் போடக் கூடாதா?”

அவள் வேதாகமத்தைத் திறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெட்டி கட்டும்போதும் அதை எடுத்து வைக்கவில்லை.

போன மாதம் அவன் உயிரை விடப் பார்த்ததை பாஸ்டர்தான் வந்து சொன்னார். நாளைக்கு என்று அவனுக்கு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்றார். கூடப் படிக்க ஓர் ஆள் இருந்தால் பிழைத்துக்கொள்வான் என்றார்.

“அவர் உயிரோட இருக்கட்டும்க்கா,” என்றாள். “என்கூட இருக்க வேண்டாம்.”

அவன் அனுப்பும் தாள்கள் இந்த விலாசத்துக்குத்தானே வரும், அவற்றை என்ன செய்வது என்று மட்டும் அக்கா கேட்டாள்.

அவள் ஜனவரியை முடித்துவிட்டு பிப்ரவரித் தாளை இழுத்துக்கொண்டாள்.

கை பழகிவிட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மளமளவென்று போன பேனா பதினெட்டில் நின்றது.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் தேதியில்தான், ராத்திரி குடித்த போதை தெளியாமலே அவன் காலையில் வேனை எடுத்தான். முன் சீட்டில் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர்களுடைய மகள்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. பத்தொன்பதுக்கு டிக் போட்டாள்.

அடுத்த வருடத்துத் தாளிலும், அதற்கடுத்த வருடத்துத் தாளிலும் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டாள்.

அன்றைக்கு அவனும் படிக்க மாட்டான்.