முதல் கியர்

பாவம், கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. சமையலறை ஜன்னல் வழியே கணவரைப் பார்த்தபடி அவள் நினைத்துக்கொண்டாள். காலமாகிவிட்ட ஒருவரைப் பற்றி நினைப்பதுபோல் நினைக்கிறோமே என்று அவளுக்கே உறுத்தியது. ஆனால் இனி உறுத்தி என்ன பயன்? காரியம் கைமீறிவிட்டது.

வெளியே ஷெட் வாசலில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் கேட்டைப் பார்த்து நின்றிருந்தது. இரண்டே சீட்டு, வயதில் அவர்கள் கல்யாணத்தைவிட மூத்தது. அவர் அதன் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டைத் தாண்டியதும் சாலை சரேலென்று இறங்கி வளையும்.

அவர் ரிட்டயராகி வீட்டில் சும்மா இருந்த மாதங்களை அவள் மறக்கவில்லை. சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். உப்பு எங்கே இருக்கிறது என்று அவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவள் போனில் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொன்னார். மத்தியானம் கண்ணயர்ந்தால், "தூங்கறியா?" என்று தட்டி எழுப்பிக் கேட்டார். ஒரு ஆபீஸ் முழுவதையும் மேய்த்த மனிதரின் மொத்தக் கவனமும் அவள் ஒருத்தி தலையில் இறங்கியது.

அப்புறம்தான் ஓடாத இந்தக் கார் வந்தது. அதன் கியர்பாக்ஸ் தனியாக, துண்டு துண்டாக, ஒரு சாக்குப்பையில் வந்தது. மூன்று வருஷமாக அவர் ஷெட்டே கதி என்று கிடந்தார். சாப்பிட வந்தாலும் எந்தப் பல்சக்கரம் எதை எந்தப் பக்கம் சுற்றும் என்றுதான் அவளிடம் பேச்சு. கியர்பாக்ஸ்தான் அவளுக்குச் சக்களத்தி என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அவள் சிரித்து வைப்பாள்.

போன மாதம் சாப்பிடும்போது அறிவித்தார்.

"முடிஞ்சிடுச்சு. ஒரு ஓட்டம் பார்த்துட்டு வண்டியை வித்துடுவேன். அப்புறம் முழுக்க முழுக்க வீடுதான். முதல்ல உன் சமையலறையை ஒழுங்கு பண்றேன்."

அவள் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எல்லாம் சரியா மாட்டியாச்சா?"

"மூடிதான் பாக்கி. உள்ளே ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கு பாரு, அது மட்டும் பக்கம் மாறி உட்கார்ந்துதுன்னா அவ்வளவுதான். கதை முடிஞ்சுது."

மறுநாள் அவர் குளிக்கப் போனதும் அவள் ஷெட்டுக்குள் நுழைந்தாள். குளியலறையில் அவர் பாடுவது நிற்பதற்குள் திரும்பிவிட்டாள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினாள். சாயங்காலம் அவர் விசிலடித்துக்கொண்டே மூடியைப் போட்டு முறுக்கினார்.

இன்று வெள்ளோட்டம். வேடிக்கை பார்க்க அவள் தம்பி வந்திருந்தான். போலீஸ் இன்ஸ்பெக்டர், லீவு. அவனுக்கு டீ கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டா, வீட்டுலயே ரிப்பேர் பண்ணின வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைப் பிடிப்பீங்க?"

"ரிப்பேர் பண்ணினவரைத்தான்."

"அவரேதான் ஓட்டினாருன்னா?"

"அப்புறம் கேஸ் எங்கேருந்துக்கா வரும்? அனுதாபம் சொல்லிட்டுக் கிளம்பிடுவோம்." பிஸ்கட்டைக் கடித்தவன் நிமிர்ந்தான். "ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

வெளியே கணவர் கத்தினார். "ஷெட்டுக்குள்ள பின் சுவர்ல யாரு மெத்தையைச் சாத்தி வெச்சது?"

"நான்தாங்க. பழசு. எடுத்துட்டுப் போக ஆள் வருவாங்க."

"சரி சரி, வந்து ஏறு. பக்கத்து சீட்டு உனக்குத்தான்."

"இல்லீங்க. நீங்க போங்க."

"அப்போ நான் வரேன் அத்தான்" என்று தம்பி எழுந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீ ஏறாதே." அவள் குரலைக் கேட்டு அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

இன்ஜின் உறுமியது. தூர தேசம் போகிறவர் மாதிரி அவர் அவளுக்குக் கையசைத்தார். கிளட்ச்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். கேட் விரியத் திறந்திருந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கார் பின்னால் போயிற்று.

அவர் பதறிப்போய் இரண்டாவது கியரைப் போட்டார். அது இன்னும் வேகமாகப் பின்னால் போய், ஷெட்டுக்குள் புகுந்து, மெத்தையில் பொத்தென்று சாய்ந்தது. மூன்றாவதும் நான்காவதும்கூடச் சுவரைத்தான் தள்ளின. ரிவர்ஸைப் போட்டதும் கம்பீரமாக முன்னால் வந்தது.

"முன்னால போக ஒண்ணு, பின்னால போக நாலா!" தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்தான், இதை எங்க டிபார்ட்மென்ட்டுக்குக் குடுத்துடுங்க. கச்சிதமாப் பொருந்தும்." சிரிப்பின் நடுவே அவன் பார்வை மெத்தைக்குப் போய், அங்கிருந்து அக்காவிடம் வந்து நின்றது. அவள் காலி டம்ளர்களை எடுக்கக் குனிந்தாள்.

அவர் இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பல்சக்கரம் பக்கம் மாறியிருக்கு. நான் சரியாத்தானே வெச்சேன்? இன்ஜினை இறக்கணும், பாக்ஸைப் பிரிக்கணும், எல்லாத்தையும் முதல்லேருந்து…" சொல்லும்போதே கை ஸ்பேனரைத் தேடியது. முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. "உன் சமையலறை இப்போதைக்குக் கிடக்கட்டும். ஆனா இந்தத் தடவை மாட்டும்போது நீ கூடவே இருந்து, சரியா வெக்கிறேனான்னு பார்த்துச் சொல்லணும், என்ன?"

"அய்யோ, வேண்டாங்க, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றாள் அவள் மெல்ல, மெத்தையைத் தூசி தட்டி அதே சுவரில் மறுபடியும் சாத்தி வைத்தபடி.