அட்டையில் இல்லாத வரிகள்

சேலையூர் மாடிப்படியில் மாலை வெயில் சரிந்து கிடக்கிறது. புளோராவின் மடியில் ஜிப் உறை போட்ட வேதாகமம். அதற்குள், புத்தாண்டு ஆராதனையில் இந்த வருஷத்துக்கென்று அவள் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டை, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்து ஓரம் சுருண்டது. நல்ல முடிவு வரும் என்கிறது அட்டை. ஷார்ஜாவில் வேலை செய்யும் கணவர் பென்னி வந்துவிடுவார் என்றே அவள் அதை வாசித்துவந்தாள். இன்றுதான் வேதாகமத்தில் அந்த வசனத்துக்கு மேலே உள்ளதையும் வாசிக்கிறாள். சிறைப்பட்டு அந்நிய தேசம் போனவர்களுக்குச் சொன்னது அது. ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. விரல் அந்த வரியிலேயே நிற்கிறது. கேம்ப் ரோட்டில் பஸ் ஹாரன் தேய்ந்து மறைகிறது. கீழே வீட்டுக்காரம்மா ஃபாயிசா கொடியில் துணி எடுத்தபடி நிமிர்கிறாள்.

"அண்ணன் எப்ப வராராம் புளோரா?"

"இந்த வருஷமும் லீவு கிடைக்கலயாம்க்கா."

படியோரத்தில் ஃபாயிசா போன மழைக்காலத்தில் கொடுத்த கறிவேப்பிலைக் கன்று, இன்னும் கறுப்புப் பையிலேயே இருக்கிறது. பென்னி வந்து சொந்த வீடு கட்டியதும் நடலாம் என்றிருந்தாள். பையைக் கிழித்துக்கொண்டு வேர் வெளியே வந்திருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"அக்கா, இத உங்க கிணத்தடியிலயே வச்சிடட்டுமா?"