தடைச் சாட்சி

கஷ்டப்பட்டு ஜெயித்த விஞ்ஞானிகளுக்கான விருதில் இப்போது ஆராய்ச்சிக்குப் பாதி மதிப்பெண், பட்ட கஷ்டத்துக்குப் பாதி. கஷ்டம் கொடுத்தவரே வந்து ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். என் மருமகள் பூவிழிக்கு அந்தச் சாட்சி நான்தான்.

விருதுக் குழுவுக்காக எங்கள் வீட்டுச் சுவர்த்திரை மரியாதையாகக் கேட்டது.

"ஃபிரிட்ஜில ஆராய்ச்சிக்கு வளர்த்த பூஞ்சை டப்பாக்களைக் கொட்டினது நீங்கதானேம்மா?"

"ஆமாப்பா. அமாவாசைக்குக் கழுவினப்போ."

"தெரிஞ்சா, தெரியாமலா?"

பதினோரு வருஷமாகத் தெரியாமல் என்றுதான் சொல்லிவருகிறேன். ஆனால் தெரியாமல் செய்ததற்கு மதிப்பெண் கிடையாது, விருதும் போய்விடும்.

சமையலறையிலிருந்து பூவிழி குரல் கொடுத்தாள். "தெரியாமத்தானே அத்தை கொட்டினீங்க, அப்படியே சொல்லுங்க. விருது வரலேன்னா நம்ம வீட்டுல சாம்பார் கொதிக்காதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷ உழைப்பு அது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து வளர்த்தாள்.

"தெரிஞ்சுதான்ப்பா," என்றேன். "மூடியில 'கொட்டிடாதீங்க அத்தை'ன்னு எழுதியிருந்தா. படிச்சேன். இதோட வேலைய விட்டுடுவான்னு நெனச்சுக் கொட்டினேன்."

திரை நன்றி சொல்லி மதிப்பெண்ணை ஏற்றியது. பூவிழி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"படிச்சீங்களா?" என்றாள். "எழுத்தச் சின்னதா எழுதிட்டேன்னு இத்தனை வருஷமா என்னையேதான் திட்டிக்கிட்டிருந்தேன் அத்தை."