டேங்க் மூடியின் சந்தனப் பொட்டு

ஆயுத பூஜை அன்று பழைய லாரியின் டீசல் டேங்க் மூடிக்கும் அள்ளி அப்பிச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். அதன்பிறகு மூடி யாரையும் மதித்துப் பேசுவதில்லை.

மறுநாள் முப்பது கிலோமீட்டர் ஓடியதும் லாரி விட்டு விட்டு இருமி மிஸ் அடித்தது.

"மூச்சு முட்டுது, டீசல் வரமாட்டேங்குது," என்றது இன்ஜின் மூடியிடம். "டேங்குக்குள்ள காத்து போக உன் நடுவில சின்ன ஓட்டை இருந்துச்சே, அது எங்க?"

"சந்தனத்துக்கு அடியில கிடக்கு. சாமி காரியத்தைச் சுரண்டச் சொல்றியா? வயசானா இருமத்தான் செய்யும். பழியை என் மேல போடாதே."

மெக்கானிக் வந்து ஃபில்டரை மாற்றினார். டீசல் இருக்கிறதா என்று மூடியை ஒரு தடவை திறந்து பார்த்தார். அந்த நேரத்தில் காற்று உள்ளே போனதால் லாரி சுகமாகக் கிளம்பியது. "ஃபில்டர்தான் கோளாறு," என்றார் மெக்கானிக்.

அடுத்த முப்பது கிலோமீட்டரில் மறுபடி இருமல். மெக்கானிக் டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாற்றினார், பிறகு பம்பையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் புதுச் சாமானுக்குப் பேர் கிடைத்தது.

கடைசியில் டிரைவர் சிங்காரம், "வண்டிக்குக் கண்ணு பட்டிருக்கு," என்று முடிவு கட்டினார். குளித்துவிட்டு வந்து, காய்ந்த பொட்டின் மேலேயே இன்னொரு கை சந்தனம் அப்பினார்.

"இப்பவாவது தெரியுதா," என்றது மூடி இன்ஜினிடம், "இந்த வண்டி யாரால ஓடுதுன்னு?"